கட்டியைக் காட்டிக் கொடுக்கும் ஒலி

வேலூர் ஆற்காடு ரோட்டில் வயிறு ஸ்கேன் எடுத்தவர்களுக்கு அந்தச் சில்லென்ற ஜெல் நினைவிருக்கும். ஒலியை அனுப்பும் கைக்கருவியான புரோபுக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிசாகக் காற்று இருந்தாலும் ஒலி உள்ளே இறங்காது, ஏறக்குறைய மொத்தமும் திரும்பிவிடும். படம் எடுப்பதற்குப் பதிலாக, புற்றுநோய்க் கட்டிக்குள் சேர்ந்த நானோ துகளைத் தூண்டிவிட அதே ஒலியை அனுப்பினால் அது சோனோடைனமிக் சிகிச்சை. ஜெல் இதற்கும் வேண்டும்.

நோயெதிர்ப்பு சிகிச்சை இருக்கும்போது இது எதற்கு? கட்டியைத் தாக்கக்கூடிய வெள்ளணுவான டி செல்லில் பிடி-1 என்றொரு பிரேக் உண்டு. கட்டி அதை மிதித்துப் பிடித்துக்கொள்கிறது, மருந்து அந்தக் காலை எடுத்துவிடுகிறது. இப்படிப் பிரேக்கை எடுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் வழியைக் கண்டறிந்ததற்குத்தான் ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் கிடைத்தது. ஆனால் பல கட்டிகளுக்குள் டி செல்லே இருப்பதில்லை. வண்டியே இல்லாத இடத்தில் பிரேக்கை எடுத்து என்ன பயன்? இவற்றைக் ‘குளிர்ந்த கட்டி’ என்கிறார்கள். வேலூர் வெயிலில் குளிர்ச்சி நல்ல சொல், இங்கே கெட்ட செய்தி.

டி செல்லை வரவழைக்க, கட்டியின் செல்கள் ஊரைக் கூட்டிச் சாக வேண்டும். சாதாரணமாகச் சாகும் செல்லை உடம்பு சந்தடியில்லாமல் அப்புறப்படுத்திவிடும். தீவிரமான ஆக்சிஜன் மூலக்கூறுகள் தாக்கினால் நடப்பது வேறு. உள்ளே இருக்கும் கால்ரெட்டிகுலின் என்ற புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வந்து ‘என்னைத் தின்னு’ என்கிறது. ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வெளியே கசிந்து ஆள் கூப்பிடுகிறது. வந்த டெண்ட்ரிடிக் செல், அதாவது நோயெதிர்ப்பின் காவல் செல், துண்டுகளை விழுங்கி, நிணநீர்க் கணுவுக்குப் போய் டி செல்லுக்குக் காட்டுகிறது.

அந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குவது துகள். 1989இல் ஜப்பானில் யூமிதாவும் உமெமுராவும் ஹெமட்டோபோர்ஃபிரின் என்ற சாயத்தை வைத்து இதைக் காட்டினார்கள். இப்போது அதிகம் புழங்குவதில் ஒன்று டைட்டானியம் டை ஆக்சைடு, அதாவது வெள்ளை பெயின்ட்டில் இருக்கும் அதே பொருள். ஒலியலை நீரை இழுத்து அமுக்கும்போது நுண்குமிழிகள் ஊதிப் பெருத்து நொறுங்குகின்றன. நொறுங்கும் கணத்தில் குமிழிக்குள் பல ஆயிரம் டிகிரி வெப்பம், கூடவே ஒரு மின்னல். துகளில் எலக்ட்ரானைக் கிளப்புவது அந்த ஒளியா, வெப்பமா, அதிர்வா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. கிளம்பிய எலக்ட்ரான் ஆக்சிஜனைப் போய்ச் சேர்ந்தால்தான் தீவிர மூலக்கூறு உண்டாகும், உடனே தன் பழைய குழிக்குள் விழுந்துவிட்டால் எல்லாம் வீண். அதைப் பிடித்துவைக்கத்தான் துகளின் மேல் தங்கம் அல்லது பிளாட்டினம் புள்ளி வைக்கிறார்கள்.

எலி ஆய்வுகளில் வழக்கமான அளவுகள் ஏறக்குறைய இப்படி இருக்கும்: ரத்தக்குழாயில் ஊசி போட்டு 12 முதல் 24 மணி நேரம் காத்திருப்பு, பிறகு 1 மெகாஹெர்ட்ஸ், சதுர செ.மீ.க்கு 1 முதல் 2 வாட், பாதி நேரம் ஒலி பாதி நேரம் ஓய்வு, 5 நிமிடம். முட்டிவலிக்குப் பிசியோதெரபியில் வைக்கும் அல்ட்ராசவுண்ட் மெஷினும் இந்த அளவுக்குள்தான் ஓடுகிறது. மென்திசுவில் ஒவ்வொரு செ.மீ.க்கும் ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸுக்கும் சுமார் 0.5 டெசிபெல் குறையும். 5 செ.மீ. ஆழத்தில் 1 மெகாஹெர்ட்ஸ் ஒலியில் பாதிக்குமேல் மிஞ்சும், 3 மெகாஹெர்ட்ஸில் ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. இடையில் ஓய்வு விடாமல் வைத்தால் திசு 43 டிகிரியைத் தாண்டிச் சூடாகலாம். அப்புறம் செல்லைக் கொன்றது துகளா சூடா என்று சொல்ல முடியாது.

பெரிய சிக்கல் துகள் கட்டிக்குப் போய்ச் சேருவது. ஊசியில் போட்டதில் கட்டியை அடைவது இடைநிலை மதிப்பாக (மீடியன்) 0.7 சதவீதம் என்று 2016இல் வந்த தொகுப்பாய்வு சொன்னது. மிச்சத்தில் பெரும்பகுதி கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது. சேர்ந்ததும் எளிதில் உள்ளே நுழையாது, ஏனென்றால் பல கட்டிகளைச் சுற்றிக் கொலாஜன் என்ற நார்ப்புரதம் அடர்ந்து கிடக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரிகளில் பதனிடும் தோலும் இதே கொலாஜன்தான். குரோம் அதற்குள் இறங்கத் தோலை டிரம்மில் போட்டு மணிக்கணக்கில் உருட்ட வேண்டியிருக்கிறது. கட்டியில் அந்த உருட்டல் வேலையை நுண்குமிழியும் ஒலியும் ஓரளவு செய்கின்றன. என் கணிப்பில், புதுப்புதுத் துகள் செய்வதைவிட இந்த இடத்தில் உழைத்தால் பலன் அதிகம்.

உள்ளே நுழைந்தபின் இன்னும் இரண்டு தடை உண்டு. கட்டியின் நடுவில் ஆக்சிஜன் பஞ்சம், அதனால் அங்குள்ள ஹைட்ரஜன் பெராக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க மாங்கனீசு டை ஆக்சைடு சேர்க்கிறார்கள். செல்லுக்குள் இருக்கும் குளூட்டாதயோன் என்ற பொருளோ, உண்டாகும் தீவிர மூலக்கூறுகளை உறிஞ்சிவிடுகிறது.

தூண்டிவிட்ட டி செல்கள் உடம்பெங்கும் போய்த் தாக்குகின்றன என்பதற்கு இத்துறையில் விரும்பிக் காட்டும் படம் ஒன்று உண்டு: எலியின் வலப்பக்கக் கட்டிக்கு மட்டும் ஒலி கொடுத்துப் பிரேக் மருந்தும் போட, இடப்பக்கக் கட்டியும் சுருங்குவது. பார்க்க அழகுதான். ஆனால் எலியின் உடம்பு குறுக்கே 3 செ.மீ.க்குள் அடங்கும், 1 மெகாஹெர்ட்ஸ் ஒலி அதை ஊடுருவியும் 70 சதவீதம் மிஞ்சலாம். ரத்தத்தில் போட்ட துகள் இடப்பக்கக் கட்டியிலும் இருக்கும். அதனால் புரோபை எந்தக் கோணத்தில் வைத்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, கட்டி செல்லைக் கொல்லும் வகையான சிடி8 டி செல்களை ஆன்டிபாடி கொடுத்து நீக்கிய எலிகள் ஒரு குழுவாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த எலிகளிலும் இடக் கட்டி சுருங்கினால், சுருக்கியது அந்த டி செல் இல்லை, வழிதவறிப் போன ஒலியாக இருக்கலாம்.