எஞ்சின் ஒன்று, குணம் மூன்று

ராயல் என்ஃபீல்டின் கிளாசிக் 350, மீட்டியோர் 350, ஹண்டர் 350 மூன்றிலும் இருப்பது ஒரே 349 சிசி எஞ்சின். சுமார் 20 குதிரைத்திறன். 4,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 4,000 சுற்றில், 27 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). தாளில் படித்தால் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ராமநாதபுரத்தில் ஏதாவது ஒரு ஷோரூம் டெஸ்ட் ரைடு மேளா வைக்கிற ஞாயிற்றுக்கிழமையில் மூன்றையும் அடுத்தடுத்து எடுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று விட்டுப் பாருங்கள். ஹண்டர் நினைத்த மாத்திரத்தில் திரும்பும். மீட்டியோர் நேராகப் போவதிலேயே குறியாக இருக்கும். கிளாசிக் இரண்டுக்கும் நடுவே நிதானமாக வரும்.

மேளாவுக்கு வருகிறவர்கள் கேட்பது சிசி எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு, பிக்கப் எப்படி என்பதைத்தான். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வண்டியின் குணத்தில் பெரும்பங்கு அந்தச் சாய்வில்தான் இருக்கிறது.

வண்டியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஹேண்டில் திரும்புவது கோன் செட்டின், அதாவது ஹேண்டில் தண்டைத் தாங்கும் பேரிங்குகளின், நடுவே ஓடும் ஓர் அச்சில். அந்த அச்சு செங்குத்தாக இல்லாமல், மேல்முனை ஓட்டுபவரை நோக்கிச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வுக்கு ரேக் என்று பெயர். அச்சை அப்படியே கீழே நீட்டி, அது தரையைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் டிரெயில். ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் ரேக் பெரும்பாலும் 23 முதல் 25 டிகிரி, டிரெயில் 90 முதல் 100 மில்லிமீட்டர் இருக்கும். நீட்டிப் படுத்த க்ரூஸர்களில் ரேக் 30 டிகிரியை ஒட்டியும் தாண்டியும் போகும். டிரெயில் 120, 150 என்று வளரும்.

இந்தச் சில சென்டிமீட்டர் என்ன செய்யும்? ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சின்னச் சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். எந்தப் பக்கம் தள்ளினாலும் அது தானாகத் திரும்பி, அச்சுக்குப் பின்னால் இழுபட்டு வரும். முன்சக்கரமும் அப்படித்தான். ஒரு கல் தட்டி ஹேண்டில் லேசாகத் திரும்பினால், தரையின் உராய்வு டயரைப் பழைய நேர்கோட்டுக்கே இழுத்துவிடும். டிரெயில் கூடக்கூட அந்த இழுப்பும் கூடும். உச்சிப்புளி தாண்டி மண்டபம் வரை நீளும் சாலையில் க்ரூஸர் அலுங்காமல் போவதற்கு இது முக்கியக் காரணம். வீல்பேஸ், அதாவது இரண்டு சக்கரங்களின் இடைவெளி, இதற்குத் துணை. ஹண்டரில் 1,370 மில்லிமீட்டர், கிளாசிக்கில் 1,390, மீட்டியோரில் 1,400. வித்தியாசம் விரற்கடைதான். அதோடு ஹண்டரின் முன்சக்கரம் 17 அங்குலம். மற்ற இரண்டுக்கும் 19. பெரிய சக்கரம் சுழலும்போது திசை மாற்றுவதற்கு அதிகமாக முரண்டு பிடிக்கும். சின்னச் சின்ன எண்கள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துகொள்வதால், கையில் தெரியும் வேறுபாடு பெரிதாகிவிடுகிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ரேக்கும் டிரெயிலும் அதிகமுள்ள வண்டியை மெதுவாக ஓட்டித் திருப்பினால், ஹேண்டில் திரும்பத் திரும்ப வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் கீழே இறங்கும். எடை தாழ விரும்பும் இடத்துக்கே ஹேண்டிலும் சாயப் பார்க்கும். கீழக்கரைச் சந்துகளில் எதிரே ஒரு ஆட்டோ வந்து, நின்ற இடத்திலேயே யூ-டர்ன் அடிக்க வேண்டியிருந்தால் இதன் கனம் தெரியும். ஆகவே மேளாவில் 80-ல் விரட்டிப் பார்ப்பதைவிட, ஷோரூம் வாசலில் நடை வேகத்தில் எட்டுப் போட்டுப் பார்ப்பதே மேல் என்பேன். விற்பனைப் பையன் ஒரு மாதிரிப் பார்ப்பான், பார்க்கட்டும்.

சுழலும் சக்கரம் திசை மாற முரண்டு பிடிக்கும் கைரோ விளைவுதான் வண்டியை நிமிர்த்தி வைக்கிறது என்று பலர் சொல்வார்கள். அது ஒரு பங்குதான். 2011-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விநோத சைக்கிளைப் பற்றி எழுதினார்கள். அதில் கைரோ விளைவு ரத்து செய்யப்பட்டிருந்தது, டிரெயிலும் சாதகமாக இல்லை. அப்படியும் ஆளில்லாமல் தள்ளிவிட்டபோது அது விழாமல் ஓடியது. எடை எங்கே அமைந்திருக்கிறது என்பதும் வண்டி சாயும்போது ஹேண்டில் அந்தப் பக்கமே திரும்புகிறதா என்பதும் சேர்ந்துதான் விஷயத்தைத் தீர்மானிக்கின்றன.

அடுத்து வளைவு. வேகமாகப் போகும் வண்டியை இடப்பக்கம் திருப்ப இடது கைப்பிடியை முன்னே தள்ள வேண்டும். அப்போது முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்பும், டயர் வண்டிக்கு அடியிலிருந்து வலப்பக்கம் விலகும், வண்டி இடப்பக்கம் சாயும். சாய்ந்தபின் சக்கரம் தானே இடப்பக்கம் திரும்பிக்கொள்ளும். பைக் ஓட்டுகிற எல்லோரும் தினமும் செய்வதுதான். கேட்டால் பாதிப் பேர் இல்லை என்று சத்தியம் செய்வார்கள். விமானத்துக்கு முன் சைக்கிள் கடை நடத்திய வில்பர் ரைட்டும், சைக்கிள் ஓட்டுபவர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்ததாகவும் ஒருவரும் முதல் தடவையில் சரியாகச் சொல்லவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். டெஸ்ட் ரைடில் அகன்ற ஹேண்டில் உள்ள வண்டி 'லேசாக' இருக்கிறதென்று தோன்றுவது இதனால்தான். நெம்புகோல் நீளமானால் தள்ள வேண்டிய விசை குறையும்.

எவ்வளவு சாய வேண்டும் என்பதில் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும். அந்தக் கணக்கில் எடைக்கு இடமே இல்லை. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கி.மீ. வேகத்தில் போக ஏறக்குறைய 23 டிகிரி சாய வேண்டும். 112 கிலோ ஸ்ப்ளெண்டருக்கும் 195 கிலோ கிளாசிக்குக்கும் அதே கணக்குதான். டயரின் அகலத்தால் சிறிது மாறலாம். அதே வளைவில் வேகம் 50 ஆனால் சாய்வு 33 டிகிரி. பத்து கி.மீ. வேகத்துக்குப் பத்து டிகிரி. தாழ்ந்த க்ரூஸரின் ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசத் தொடங்குவது இந்த மாதிரி இடங்களில்தான்.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் கரையோரத்துக்கென்று தனியாக ஒரு பரீட்சை உண்டு, காற்று. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும்போது பாம்பன் சாலைப் பாலத்தில் பைக் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1988-ல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும். ஒதுங்க ஒரு சுவர்கூடக் கிடையாது. ராமேஸ்வரம் போகும்போது கச்சான் வலப்பக்கம் அடிக்கும், திரும்பும்போது இடப்பக்கம். பக்கத்தில் இருந்த பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் சிவப்பாகி ரயில் நின்றுவிடும். பைக்குக்கு அப்படி ஒரு சிக்னல் இல்லை.

60 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், குறுக்கே 40 கி.மீ. வேகத்தில் காற்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து உங்கள்மேல் அடிப்பது 72 கி.மீ. காற்று, முன்பக்கத்திலிருந்து சுமார் 34 டிகிரி சாய்வாக. பக்கவாட்டில் வண்டியும் ஆளும் சேர்ந்து ஒரு சதுர மீட்டர் பரப்பு என்று தோராயமாக எடுத்தால், 13 கிலோவை ஒட்டிய எடை பக்கத்திலிருந்து இடைவிடாமல் தள்ளுவதற்குச் சமம். விழாமல் இருக்கக் காற்றை நோக்கிச் சாய்ந்தே ஓட்ட வேண்டும். இங்கேதான் எடை கணக்குக்குள் வருகிறது. 70 கிலோ ஆளோடு ஸ்ப்ளெண்டர் நான்கு டிகிரிக்கு மேல் சாய வேண்டும். கிளாசிக்குக்கு மூன்று போதும். சீரான காற்றில் இது பெரிய தொல்லை இல்லை. எதிரே வரும் பஸ் ஒரு நொடி காற்றை மறைத்துவிட்டு விலகும்போதுதான் வண்டி தடத்தைவிட்டு நகரும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் உடம்பின் ஆட்டமெல்லாம் ஹேண்டிலுக்குள் போகும். தளர்த்திப் பிடித்தால் டிரெயில் தன் வேலையைச் செய்யும். வேகத்தை 40-க்குக் குறைத்தால் அந்தத் தள்ளுவிசை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

மேளாவில் ஒன்றைப் பார்த்து வையுங்கள். காற்றுத் தடுப்புக் கண்ணாடி ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புகிறதா, சேஸிஸில் அசையாமல் நிற்கிறதா? ஹேண்டிலில் பொருத்தியது காற்றின் அடியை நேராக ஸ்டீயரிங்கில் இறக்கும். பாம்பன் வழியாகத் தினமும் போய் வருகிறவருக்குக் கலரைவிட இது முக்கியம்.

எஞ்சின் பக்கம் கொஞ்சம் போகலாம். யமஹா ஆர்15 வெறும் 155 சிசி. கிளாசிக்கில் பாதிகூட இல்லை. ஆனால் அதன் திறன் 18.4 குதிரை. டார்க் 14.2 நியூட்டன் மீட்டர்தான், அது கிடைப்பது 7,500 ஆர்பிஎம்மில். திறன் என்பது டார்க்கையும் சுழல் வேகத்தையும் பெருக்கினால் வருவது. 27-ஐ 4,000-ஆலும் 14.2-ஐ 7,500-ஆலும் பெருக்கிப் பாருங்கள்: 1,08,000, 1,06,500. இரண்டு எஞ்சினும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கின்றன, ஒன்று நிதானமாக, இன்னொன்று பறந்து பறந்து. 'புல்லட்டில் பிக்கப் இருக்கு' என்று ஊரில் சொல்வது கியரை மாற்றாமலே இழுப்பதைத்தான். ஆர்15-ல் அதே இழுப்பு வேண்டுமென்றால் இரண்டு கியர் இறக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர் ஐந்து நிமிட டெஸ்ட் ரைடில் 'வண்டியில் ஒன்றுமில்லை' என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

உட்காரும் விதமும் ஐந்து நிமிடத்தில் ஏமாற்றும். ஸ்போர்ட்ஸ் வண்டியில் குனிந்து படுத்தால் உடம்பின் எடையில் ஒரு பகுதி மணிக்கட்டில் விழும். நல்ல வேகத்தில் நெஞ்சில் மோதும் காற்று அதைத் தாங்கிக்கொள்ளும். ஊருக்குள் அந்தக் காற்று இருக்காது, மணிக்கட்டுதான் தாங்க வேண்டும். க்ரூஸரில் கால் முன்னே நீள்வதால் பள்ளத்தில் எழுந்து நிற்க முடியாது, அடியெல்லாம் இடுப்பெலும்புக்கு. ராமேஸ்வரம் வரையிலான 55 கி.மீ.யை மனதில் வைத்து உட்கார்ந்து பாருங்கள்.

தனுஷ்கோடிக்குத் தார்ச்சாலை 2017-ல் அரிச்சல்முனை வரை திறந்தபின், மணலில் பைக் ஓட்டும் தேவை குறைந்திருக்கிறது. ஆனால் காற்று மணலை அள்ளித் தாரில் போடுவதை நிறுத்தவில்லை. தார்மேல் மெல்லிய மணல், டயருக்கும் சாலைக்கும் நடுவே உருளும். அங்கே சாய்வதும் முன் பிரேக்கைக் கவ்வுவதும் ஆபத்து. இந்த இடத்தில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் நல்ல துணை. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயம். சாலையைவிட்டு ஆழமான மணலில் இறங்கினால் கதை தலைகீழ். பூட்டிக்கொண்ட சக்கரம் தன் முன்னே மணலைக் குவித்து அதன்மேல் மோதி நிற்கும். ஏபிஎஸ் பூட்டவிடாமல் நீளமாக ஓடவிடும். அதனால்தான் ஹிமாலயன் 450 போன்ற அட்வென்சர் வண்டிகளில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை நிறுத்த வசதி வைத்திருக்கிறார்கள். அதன் 21 அங்குல முன்சக்கரமும் மணல் மேட்டில் புதையாமல் ஏறுவதற்கு.

கடைசியாக ஒரு சங்கதி. "அண்ணே, நானும் கூட வர்றேன்" என்று ஷோரூம் தம்பி பின்சீட்டில் ஏறிக்கொள்வது நம்மூர் வழக்கம். அறுபது, எழுபது கிலோ பின்னால் ஏறியதும் பின் ஷாக் அமுங்கும், வண்டியின் முன்பக்கம் தூக்கும், ரேக்கும் டிரெயிலும் கூடிவிடும், முன்சக்கரத்தின் மேல் பாரம் குறையும். அப்போது நீங்கள் ஓட்டுவது வேறு வண்டி. லைசென்ஸைக் கொடுத்துவிட்டுத் தனியாக ஒரு சுற்று கேளுங்கள். தினமும் வீட்டம்மாவையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போகப்போகிற வண்டி என்றால், தம்பியை ஏற்றிக்கொண்டு இன்னொரு சுற்று.