இலை கொட்டிய ஈழத்தலரிக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

இந்தக் குளிர்காலத்தில் இது ஆறாவது செடி. வயதான அம்மா ஒருவர் அதைப் போர்வையில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் நாற்றுப்பண்ணைக்குக் கொண்டுவந்தார். நான்கு வருடம் வளர்த்த ஈழத்தலரி. போன கோடையில்தான் முதல் பூங்கொத்து விட்டதாம். தண்டின் அடியை விரலால் அழுத்தினேன், கொழகொழவென்று உள்ளே போனது.

"இலையெல்லாம் கொட்டிப்போச்சு தம்பி, அதான் தினமும் தண்ணி விட்டேன்."

முன்னால் வந்த ஐந்து பேரும் இதையேதான் சொன்னார்கள். பாசத்தால் செடியைக் கொல்வதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

பிளுமேரியா, பெருங்கள்ளி, கள்ளி மந்தாரை, எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் சரி, குளிரில் அது இலை கொட்டுவது நோயல்ல, தூக்கம். அதன் பூர்வீகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள். அங்கே மழையில்லாத மாதங்களில் இலையை உதிர்த்துவிட்டு மொட்டைக் கிளையாக நிற்கப் பழகிய மரம் இது. அந்த மாதங்களுக்கான நீரை அந்தத் தடித்த தண்டிலேயே வைத்திருக்கிறது. இலை இல்லாத செடி தண்ணீர் குடிக்காது. நீங்கள் ஊற்றுவது குளிர்ந்த மண்ணில் அப்படியே நிற்கும், வேர் அழுகும், அழுகல் தண்டில் ஏறும்.

"கொஞ்சமாக விடலாமா?" வேண்டாம். "மேலே தெளிக்கலாமா?" அதுவும் வேண்டாம். "தண்டு லேசாகச் சுருங்கியிருக்கிறதே?" சுருங்கட்டும், சேமிப்பிலிருந்து செலவழிக்கிறது. சுருங்கிய தண்டு வசந்தத்தில் தண்ணீர் கண்டதும் நிமிர்ந்துவிடும். அழுகிய தண்டு நிமிராது. சந்தேகம் வந்தால் நகத்தால் பட்டையை இலேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்து, தண்டும் கெட்டியாக இருந்தால் செடி நலமாக இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

தூங்குகிற செடிக்கு "தெம்பு வரட்டும்" என்று உரம் போடுவதும், பெரிய தொட்டிக்கு மாற்றுவதும் அதே தவறின் வேறு முகங்கள். பெரிய தொட்டி என்றால் அதிக மண், அதிக மண் என்றால் அதிக நாள் ஈரம். சாதாரண நாளிலேயே இதற்குத் தொட்டி சற்று இறுக்கமாக இருப்பது நல்லது. மண்கலவையில் பாதிக்குக் குறையாமல் பெர்லைட், பொடிக்கல், பருமணல் என்று நீரை வடியவிடும் பொருள் இருக்கட்டும்.

உள்ளே எடுக்கும் நேரத்தை உறைபனி வரும்வரை தள்ளாதீர்கள். இரவு வெப்பம் 10 டிகிரி செல்சியஸைத் தொடப்போகிறது என்றால் அன்றே எடுங்கள். பனி பட்ட கிளைநுனி கறுத்து மெத்தென்று ஆகிவிடும். அடுத்த பூ அந்த நுனியில்தான் வரவேண்டும். எடுக்குமுன் இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிலந்திப்பேனோ மாவுப்பூச்சியோ ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தால், ஹீட்டர் ஓடும் வறண்ட அறையில் சிலந்திப்பேன் மளமளவென்று பெருகும்.

இலை உதிர்த்த செடிக்கு வெளிச்சம்கூடத் தேவையில்லை. 10 டிகிரிக்குக் கீழே போகாத இருட்டு அறையே போதும். இடமில்லாதவர்கள் தொட்டியிலிருந்து பிடுங்கி, மண்ணை உதறி, வேரைச் செய்தித்தாளில் சுற்றிப் படுக்க வைக்கலாம். இதைச் சொன்னால் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். பல வருடமாக நான் பெரிய செடிகளை இப்படித்தான் காப்பாற்றுகிறேன். நுனி மழுங்கிய இலையுள்ள வகை (ஒப்டியூசா) மட்டும் இலையை எளிதில் விடாது. அதை வெளிச்சமான ஜன்னலோரம் வையுங்கள், மண் நன்றாகக் காய்ந்தபின் அளந்து நீர் விடுங்கள்.

வசந்தத்தில் அவசரம் இன்னொரு கேடு. நுனியில் துளிர் தெரிந்ததும் வாளியைத் தூக்காதீர்கள். துளிர் விரல் நீளத்துக்கு விரியும்வரை மண்ணை நனைத்தால் போதும், அதன்பிறகு தாராளமாக ஊற்றலாம். வெயிலுக்கும் படிப்படியாக, ஒரு வாரம் பத்து நாள் எடுத்துப் பழக்குங்கள். இருட்டிலிருந்து நேராக உச்சிவெயிலுக்கு வந்த தண்டு வெந்துபோகும்.

பூக்கவில்லை என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது வெயில். நேர்வெயில் தினமும் 6 மணி நேரமாவது வேண்டும். அது கிடைத்தும் இலை மட்டும் மதமதவென்று வந்தால் தழைச்சத்து அதிகம். விதையிலிருந்து வளர்த்தால் பூக்க மூன்று வருடமோ அதற்கு மேலோ ஆகும், தாய்ச்செடியின் நிறமும் வராது. ஆகவே போத்து, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளைத்துண்டு, வாங்குங்கள். 30 முதல் 45 செ.மீ. நீளம், வெட்டுவாய் ஒன்றிரண்டு வாரம் நிழலில் காய்ந்து தோல் கட்டியிருக்கவேண்டும், நடும்போது மண் 25 டிகிரிக்குக் குறையாமல் சூடாக இருக்கவேண்டும். காயாத போத்தை ஈரமண்ணில் நட்டால் அழுகிவிடும்.

வெட்டும்போது கையுறை அவசியம். இது அரளியின் குடும்பம், அந்த வெள்ளைப் பால் தோலில் அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும். குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் தள்ளி வையுங்கள்.

அந்த அம்மாவின் செடியை அன்றே வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்தேன். முதல் வெட்டில் நடுத்தண்டு முழுக்கப் பழுப்பு. இரண்டாவதிலும் அதே. மூன்றாவதில் ஒரு பொட்டு. நான்காவதில்தான் சுத்தமான வெள்ளை, பாலும் கசிந்தது. மேலே இரண்டு கிளைகள், சாண் அளவுக்கு, தேறின. வெட்டுவாயைக் காயவிட்டு என் மேசைக்குப் பக்கத்தில் உலர்ந்த அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். மண் சூடேறிய பிறகுதான் நடுவேன். அதுவரை நாளுக்கொரு முறை போன் செய்து கேட்கிறார், அவற்றுக்குத் தாகம் எடுக்காதா என்று. இல்லை அம்மா, எடுக்காது.