சாரல் எதுவரை வருகிறது? வெளி வராந்தாவுக்கு ஃபேன் வாங்கும் முன்

வராந்தாவில் ஃபேன் கரகரவென்று சத்தம் போடுகிறது, வந்து பாருங்கள் என்று ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். மூன்று பக்கம் திறந்த வராந்தா, இரும்புப் பைப்புகளின் மேல் தகரக் கூரை. ஏணியில் ஏறி ஃபேனின் மேல் கப்பைத் தளர்த்தினேன். அந்தக் கப் கூரையைப் பார்த்து வாய் திறந்த கிண்ணம் மாதிரி. மேலிருந்து வரும் வயரின் ஜாயின்ட் அதற்குள்தான் இருக்கும். கப் லேசாகச் சாய்ந்ததுமே துருநிறத் தண்ணீர் என் மணிக்கட்டில் விழுந்து முழங்கை வரை ஓடியது.

“மேலே கூரை இருக்கே தம்பி, ஃபேன் ஒருநாள்கூட நனைஞ்சதில்லையே” என்றார் அந்த வீட்டுப் பெரியவர். அவர் சொன்னது உண்மைதான். கூரையில் ஒரு பொட்டு ஓட்டைகூட இல்லை. தண்ணீர் வெளியிலிருந்து ஒழுகவில்லை, அங்கேயே உண்டானது. தெளிந்த வானம் உள்ள இரவில் தகரம் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். விடியற்காலையில் காற்றில் இருக்கும் ஈரம் அதன் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். தகரம் வியர்க்கிறது என்போம். அந்தத் துளிகள் சரிவில் வழிந்து, குறுக்குப் பைப்பில் இறங்கி, கொக்கி வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கப்பில் சேர்ந்திருக்கின்றன. நிறைந்தது போக மிச்சம் ராடு வழியாக மோட்டாருக்குள் போயிருக்கிறது.

கரன்ட் கசிகிறதா என்று பார்க்கும் மீட்டரான மெக்கரை வைத்து 500 வோல்ட்டில் பார்த்தேன். மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருளான வைண்டிங்குக்கும் ஃபேனின் உடம்புக்கும் நடுவே குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும். நல்ல ஃபேன் நூற்றுக்கணக்கில் காட்டும். இது 0.1-ஐத் தாண்டவில்லை. எர்த் வயரை இணைக்காமல் டேப் சுற்றி மடக்கி விட்டிருந்தார்கள். ஃபேன் தொங்கிய அதே பைப்தான் தூணாகக் கீழே இறங்குகிறது. ஒரு சிறுவன் அந்தத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் செய்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் அந்தக் கரன்ட் கசிவுக்கும் நடுவில் இருந்தது, ஃபேனைக் கொக்கியில் தொங்கவிடும் இடத்தில் வெடித்துப்போன ஒரு ரப்பர் புஷ் மட்டும்தான்.

இருபது வருஷத்துக்கு மேல் வயரிங் வேலை பார்க்கிறேன். வெளி வராந்தா ஃபேன் பற்றிக் கேட்பவர்கள் முதலில் கேட்பது டிசைன், அப்புறம் சைஸ், அப்புறம் ரிமோட் இருக்கிறதா என்பது. நான் அவர்களிடம் முதலில் கேட்பது, மழை பெய்தபோது தரை எதுவரை நனைந்தது என்பதைத்தான்.

கூரை நிழல் தரும், நேர் மழையைத் தடுக்கும். சாரலை அதால் ஒன்றும் செய்ய முடியாது. காற்றோடு வரும் மழை ஒரு முழ உயரத் திட்டையும் தாண்டி உள்ளே வந்து விழும். அடுத்த பெருமழை நின்றவுடன் வராந்தாவில் போய் நின்று பாருங்கள். ஈரம் எந்த இடத்தோடு நிற்கிறதோ, அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஃபேன் தொங்கப்போகும் இடம் அந்தக் கோட்டுக்கு வெளிப்பக்கமா, உள்பக்கமா? இது தெரியாமல் வாங்கும் எந்த ஃபேனும் குருட்டாம்போக்கில் வாங்கியதுதான். தரையில் கோடு போடும்போது இன்னொன்றையும் மனதில் வையுங்கள். சாரல் சாய்வாக இறங்கி வருகிறது. தரையில் ஈரம் நின்ற இடத்துக்கு நேர் மேலே, ஃபேன் உயரத்தில், அது அவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்காது. ஆனாலும் நான் தரைக் கோட்டையே கணக்கில் எடுக்கிறேன். அடுத்த மழை இன்னும் பலமான காற்றோடு வரலாம்.

அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்தில் ஃபேன்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: உலர்ந்த இடத்துக்கானது, ஈரப்பதம் உள்ள இடத்துக்கானது, நேரடியாக நனையும் இடத்துக்கானது. வெளி வராந்தாவில் உலர்ந்த இடம் என்று ஒன்று கிடையவே கிடையாது. சாரலே வராத உள்மூலையாக இருந்தாலும் பனி வரும், ஈரக்காற்று வரும். அதனால் கோட்டுக்கு உள்பக்கம் என்றால் இரண்டாவது வகை, வெளிப்பக்கம் என்றால் மூன்றாவது வகை. வீட்டு ஹாலுக்குச் செய்த ஃபேனை எடுத்து வராந்தாவில் மாட்டுவது, இரண்டில் எந்தக் கணக்கிலும் வராது.

வேறு நாடுகளில் இதையே ஐ.பி. எண்ணாகப் போடுவார்கள். இரண்டு இலக்கம் இருக்கும். முதலாவது தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. நமக்கு முக்கியம் இரண்டாவது. அது 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும், 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சினாலும் தாங்கும் என்று அர்த்தம். ஒரு இலக்கத்துக்குப் பதிலாக எக்ஸ் என்று போட்டிருந்தால் அந்த மதிப்பை அங்கே குறிப்பிடவில்லை, அவ்வளவுதான். அதைப் பூஜ்யம் என்றும் எடுக்க வேண்டாம், பாஸ் என்றும் எடுக்க வேண்டாம். சாரல் எட்டும் வராந்தாவுக்கு 4-க்குக் கீழே நான் போகவே மாட்டேன். பைப் வைத்துக் கூரையையும் தூணையும் கழுவும் பழக்கம் உள்ள வீடு என்றால் 5.

இங்கே ஒரு ஏமாற்றம் நடக்கிறது. ஃபேனோடு வரும் லைட்டுக்கு மட்டும் பெரிய ஐ.பி. எண் இருக்கும். பெட்டியில் அதைக் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். மோட்டாருக்கு எதுவுமே இருக்காது. எண் முழு ஃபேனுக்கா, ஒரு பாகத்துக்கா என்று மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள். துருப்பிடிக்காத பெயின்ட் என்று எழுதியிருப்பதும் தண்ணீருக்கான உத்தரவாதம் ஆகாது. பெயின்ட் வெளித்தோலைக் காக்கும். வைண்டிங்கை அது காக்காது.

அடுத்தது இறக்கை. மரத்தூளை ஒட்டி அழுத்திச் செய்த பலகை இறக்கைகள் ஹாலில் பார்க்க அழகு. வெளியில் அவை ஈரத்தைக் குடித்து நுனியில் தொங்கிவிடும். ஐந்து இறக்கையும் ஒரே அளவு குடிப்பதில்லை என்பதுதான் சிக்கல். சாரல் படும் பக்கம் நிற்கும் இறக்கை கூடுதலாகக் குடித்துக் கனமாகும். அப்போது ஃபேன் ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் போல்ட்டுகளைத் தளர்த்தும், தளர்ந்த போல்ட் ஆட்டத்தைக் கூட்டும். அதனால் ஏபிஎஸ் பிளாஸ்டிக் அல்லது அலுமினியம். நல்ல வெயில் இறங்கும் இடம் என்றால், புற ஊதாக் கதிரைத் தாங்கும் பிளாஸ்டிக்தானா என்று கேளுங்கள். சாதாரணப் பிளாஸ்டிக் சில வருஷத்தில் மஞ்சளித்து நொறுங்கும்.

கடலோரம் என்றால் உப்புக்காற்று தனிக் கணக்கு. அங்கே இறக்கையை விடவும் அதைப் பிடிக்கும் ஸ்க்ரூதான் முதலில் போகும். எவர்சில்வரிலேயே 304 என்று ஒன்று, 316 என்று ஒன்று உண்டு. 316-இல் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும். கூடுதல் காசு கேட்டாலும் ஸ்க்ரூ, போல்ட், பின் மூன்றையும் அதிலேயே வாங்குங்கள்.

பிரஷ் இல்லாத டிசி மோட்டார், அதாவது பிஎல்டிசி மோட்டார் போடலாமா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். போடலாம். 1200 மில்லிமீட்டர் பழைய வகை ஃபேன் 70 வாட்டுக்கு மேல் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் அளவில் ஓடிவிடும். ஆனால் அதற்குள் ஒரு எலக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. ஈரமும் சூடும் போர்டுக்கு ஆகாது. தகரக் கூரைக்கு அடியில், நண்பகலில், கூரையை ஒட்டிய காற்றில் கையை நீட்டிப் பாருங்கள். அதில்தான் அந்தப் போர்டு வேக வேண்டும். சூடு 10 டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் தோராயக் கணக்கு. அதனால் போர்டுக்கு ஈரம் புகாத பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். தகரக் கூரைக்கு அடியில் சூடு தடுக்கும் ஷீட் ஒட்டுங்கள். சூடும் குறையும், தகரம் வியர்ப்பதும் நிற்கும். ரிமோட் வகை வாங்கினால் ரேடியோ அலையில் வேலை செய்வதாகப் பாருங்கள். டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்வது, நேர் வெயில் படும் இடத்தில் சில நேரம் கேட்காது. பழைய ரெகுலேட்டர் சுவரில் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேரடி ஸ்விட்ச் கொடுங்கள். பிஎல்டிசி ஃபேனை அந்த ரெகுலேட்டரோடு சேர்க்கக் கூடாது.

பேரிங் பற்றி யாரும் கேட்பதே இல்லை. சத்தம் வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். பேரிங்கில் இரும்பு மூடி போட்டது உண்டு, ரப்பர் சீல் போட்டது உண்டு. இரும்பு மூடிக்கும் உள்வளையத்துக்கும் நடுவே நூலிழை இடைவெளி இருக்கும். ஈரம் அதில் போய்க் கிரீஸைக் கெடுக்கும். வெளி ஃபேனுக்கு ரப்பர் சீல் வேண்டும். புது ஃபேனில் இதைப் பார்த்துச் சொல்வது கஷ்டம், ஆனால் பேரிங் மாற்றும்போது மெக்கானிக்கிடம் வற்புறுத்தலாம்.

சைஸ் விஷயத்தில், ஹாலுக்குப் போடும் கணக்கு வெளியே செல்லாது. நாலு சுவருக்குள் ஃபேன் தள்ளும் காற்று சுற்றித் திரும்பி வரும். வராந்தாவில் அது வெளியே போய்விடும். இறக்கைக்குக் கீழேயும் அதை ஒட்டியும்தான் காற்று உறைக்கும். அதனால் வராந்தாவின் நட்டநடுவில் மாட்டாதீர்கள், உட்காரும் இடத்துக்கு மேலே மாட்டுங்கள். நீளமான வராந்தாவுக்கு ஒரு பெரிய ஃபேனைவிட இரண்டு சின்ன ஃபேன் மேல். ஆள் இருக்கும் பக்கம் மட்டும் ஓட்டலாம். ஆள் இல்லாதபோது ஓடவிட்டு வராந்தாவைக் குளிர வைக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஃபேன் காற்றைக் குளிர்விக்காது, நம் தோலின் வியர்வையை வேகமாக உலர்த்தும். உட்கார ஆள் இல்லையென்றால் அது வீண் கரன்ட்.

இறக்கை தரையிலிருந்து 2.3 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 7 அடி என்பார்கள், நான் 2.3-ஐயே பிடித்துக்கொள்கிறேன். மேலே கூரைக்கும் இறக்கைக்கும் ஒரு அடியாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் இழுக்கக் காற்று கிடைக்காது. பக்கத்தில் தூணோ சுவரோ இருந்தால் இறக்கை நுனியிலிருந்து ஒன்றரை அடி. பல வராந்தாக்களின் கூரை வெளிப்பக்கம் தாழ்ந்து சரியும். அளவை அந்தத் தாழ்ந்த பக்கத்தில் எடுங்கள். இன்னொன்று: லைட் இறக்கைக்கு மேலே இருந்தால் சுற்றும் நிழல் கண்ணை உறுத்தும். லைட்டைக் கீழே கொண்டுவந்து சுவரில் வையுங்கள்.

தொங்கவிடும் இடத்தில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். தகர ஷீட்டில் ஸ்க்ரூ அடித்து மாட்டியதை நானே பார்த்திருக்கிறேன். ஷீட் ஃபேனைத் தாங்காது. பைப்போடு பற்றவைத்த கொக்கியோ, பைப்பைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப்போ வேண்டும். வெளிக்காற்று கீழிருந்தும் தூக்கும். ஃபேன் நின்றிருக்கும்போதும் புயல்காற்று அதைச் சுழற்றும், ஆட்டும். கொக்கி போல்ட்டில் நட் கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு சின்ன ஸ்பிளிட் பின் இருக்கும். சாதாரண இரும்புப் பின் வெளியில் அரித்துத் தூளாகிவிடும், அதற்கப்புறம் ஃபேனைப் பிடித்திருப்பது வெறும் நட்தான். இரண்டாவது பிடியாக ஒரு எஃகுக் கம்பிக் கயிறும் பைப்பில் கட்டிவிடுங்கள்.

வயரை மேலிருந்து நேராகக் கப்புக்குள் இறக்காதீர்கள். கப்பைவிடக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றினால் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். ஒரு அடி வயரின் விலை கூடும், அவ்வளவுதான். எர்த் கட்டாயம். அந்த லைனுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போடுங்கள். கசிவு ஏற்பட்டால் யாராவது தொடும் முன்பே அல்லது தொட்ட நொடியில் அது கரன்ட்டை வெட்டும். அதில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அந்தப் பெரியவர் வீட்டில் பழைய ஃபேனை நான் திரும்ப மாட்டவில்லை. கூரைக்கு அடியில் ஷீட் ஒட்டி, சாக்பீஸ் கோட்டிலிருந்து இரண்டு அடி உள்ளே தள்ளி, ஏபிஎஸ் இறக்கை உள்ள வெளிப்புற ஃபேன் போட்டோம். எர்த்தைத் தூணோடும் இணைத்தேன். அடுத்த பனிக்காலம் முடிந்ததும் போய் மேல் கப்பைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு சிலந்தி வலை, அதுவும் காய்ந்து கிடந்தது. மெக்கர் 200 மெகாஓமுக்கு மேலே காட்டியது.