நோட்கெல்ட் என்றால் நோட்டு இல்லை

போன மாதம் ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். 'நோட்கெல்ட்' எனப்படும் பழைய ஜெர்மன் தாள்கள் இருந்த கண்ணாடிப் பெட்டிமேல் 'நோட்டுப் பணம்' என்று அட்டை ஒட்டியிருந்தார்கள். இந்தக் கூத்தைப் பார்ப்பது எனக்கு இது மூன்றாவது தடவை.

நோட்கெல்ட் ஜெர்மன் சொல். 'நோட்' என்றால் முடை, இக்கட்டு. 'கெல்ட்' என்றால் பணம். நம் காதில் நோட்டு என்று விழுவது தற்செயல். 1914இல் போர் தொடங்கியதும் ஜனங்கள் வெள்ளிக்காசைப் பதுக்கினார்கள். செம்பும் நிக்கலும் போர்த்தளவாடத்துக்குப் போயின. சில்லறை இல்லாமல் கடைத்தெரு திண்டாட, நகராட்சிகளும் ஆலைகளும் தாங்களே சீட்டு அடித்துப் புழங்கவிட்டன. எல்லாம் காகிதமும் இல்லை. பீலஃபெல்ட் நகரத்தில் பட்டுத்துணியில் அச்சிட்டார்கள். மைசனில் பீங்கானில் காசு செய்தார்கள். பீங்கானை நோட்டு என்பீர்களா?

சரி, விவரம் தெரிந்தவர்கள் 'அவசரப் பணம்' என்கிறார்கள். அவசரம் வடசொல் என்பதற்காக நான் மறுக்கவில்லை, அந்த வம்பு வேண்டாம். ஆனால் அவசரப் பணம் என்றால் நம் வீடுகளில் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று அஞ்சறைப்பெட்டியில் ஒளித்து வைப்பது. 'நெருக்கடிகாலப் பணம்' என்றாலோ 1975 வந்து நிற்கிறது. 'போர்க்காலப் பணம்' கேட்க நன்றாக இருக்கிறது, கணக்குதான் உதைக்கிறது. சேகரிப்பவர்கள் தேடி அலையும் வண்ணத் தாள்களில் பெரும்பாலானவை போர் முடிந்தபிறகு, 1921 வாக்கில் வந்தவை. என்னிடம் ஹாமெல்ன் நகரத்து 50 பெனிக் தாள் ஒன்று இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், அந்த ஊர்க் கதையில் வரும் எலிபிடிப்பவன் அதில் குழல் ஊதுகிறான். இப்படிப்பட்டவற்றை ஆல்பத்தில் வைப்பதற்காகவே வரிசை வரிசையாக அச்சிட்டு விற்றார்கள். வாங்கியவர் திருப்பித் தந்து காசு கேட்கமாட்டார், நகராட்சிக்கு லாபம். இதில் முடை எங்கே என்று கேட்டால், நகராட்சிக் கஜானாவில்.

ஆங்கிலத்தில் இதை 'எமர்ஜென்சி மணி' என்பார்கள். அகராதியைப் பார்த்து அந்த 'எமர்ஜென்சி'க்கு நேராக இருப்பதை எடுத்து ஒட்டிவிடுவதுதான் இப்போது மொழிபெயர்ப்பு. மூலச்சொல் ஜெர்மன் என்ற நினைப்பே கிடையாது. நாமோ தினமும் 'கொஞ்சம் பணமுடை' என்கிறோம். அதைத் திருப்பிப் போட்டால் முடைப்பணம், வேலை முடிந்தது. நண்பர் ஒருவர் 'முடைநாற்றம் ஞாபகம் வருகிறதே' என்று மூக்கைச் சுளித்தார். வரட்டுமே. ஆஸ்டர்வீக் ஊரில் முடைப்பணத்தைத் தோலிலேயே அச்சிட்டார்கள்.