வீட்டுக் காற்றாலை: நிறுத்தும் வழியை முதலில் செய்யுங்கள்

கடலூர், புதுச்சேரி கடலோரத்தில் மின் பணி செய்துவரும் எனக்கு, மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் மொட்டை மாடிகளைப் பார்த்தால் கவலை வருகிறது. பி.வி.சி. குழாயை வெட்டி இறக்கை செய்து, பழைய நிலைக்காந்த டி.சி. மோட்டாரில் பூட்டி, 12 வோல்ட் பேட்டரியை ஏற்றும் காற்றாலைகளை ஆர்வமுள்ள பலர் நிறுவுகிறார்கள். முயற்சி பாராட்டத்தக்கது, கேட்டவர்களுக்கு நானும் உதவியிருக்கிறேன். ஆனால், நான் பார்த்த பலவற்றில் சக்கரத்தை நிறுத்த எந்த ஏற்பாடும் இல்லை.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகிறது. 1.2 மீட்டர் விட்டமுள்ள சக்கரம், நொடிக்கு 4 மீட்டர் வேகக் காற்றில், இழப்புகள் போக ஏறத்தாழ 10 வாட் தரும். 8 மீட்டர் காற்றில் 80 வாட்டை ஒட்டித் தரலாம். காற்றாலைகளுக்குப் பேர்போன ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று நமக்கு இல்லை. பிற்பகல் கடல்காற்றை நம்பி ஓரிரு எல்.இ.டி. விளக்குகளும் கைபேசி சார்ஜும் எதிர்பார்ப்பதே நியாயம்.

ஆபத்தும் இதே கணக்கில்தான் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலின் காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. 4 மீட்டர் காற்றோடு ஒப்பிட்டால் அது ஐந்நூறு மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல்.

புயல்தான் வர வேண்டும் என்பதில்லை. பேட்டரிக்குப் பாயும் மின்னோட்டமே சக்கரத்தை இழுத்துப் பிடித்திருக்கிறது. டெர்மினல் கழன்றாலோ, ஃபியூஸ் போனாலோ, பேட்டரி ஏற்றத்தைக் கட்டுப்படுத்தச் சிலர் வைக்கும் சோலார் கன்ட்ரோலர், பேட்டரி நிறைந்ததும் இணைப்பைத் துண்டித்தாலோ அந்தப் பிடி போய், சக்கரம் தறிகெட்டுச் சுற்றத் தொடங்கும். தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டில் டெர்மினல் பச்சையாகப் பூத்து, கம்பி அரித்து விடுபட்டிருந்தது. இறக்கைகளில் ஒன்று போல்ட் துளையோடு பிளந்து பக்கத்துக் கொல்லையில் கிடந்தது. 8 மீட்டர் காற்றிலேயே நல்ல இறக்கையின் நுனி மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும் என்பதால், அந்த நேரத்தில் அங்கே யாரும் இல்லாதது அந்த வீட்டாரின் நல்ல காலம்.

ஆகவே, மோட்டாரின் இரு முனைகளையும் ஒன்றாக இணைக்கும் கனமான பிரேக் சுவிட்சை, பேட்டரியிலிருந்து மின்னோட்டம் திரும்பிப் பாயாமல் தடுக்கும் டையோடுக்கு முன்பே, மோட்டார் பக்கத்தில் பொருத்துங்கள். பலத்த காற்றில் இதுவும் மோட்டாரைச் சுட்டுவிடக்கூடும் என்பதால், காற்று தணிந்திருக்கும்போதே போட்டுவிட வேண்டும். பேட்டரி நிறைந்தபின் வரும் மின்சாரத்தை ஹீட்டர் சுருளுக்குத் திருப்பிவிடும் கன்ட்ரோலரும் கட்டாயம் தேவை. கைப்பிடிச் சுவரில் கம்பத்தைப் பூட்டாதீர்கள். அங்கே காற்று சுழன்று வரும், அதிர்வு சுவரை விரிசல்விடச் செய்யும். இன்வெர்ட்டர் வைத்தாலும் அதை வீட்டுச் சுவர் பிளக்கில் சொருகவே கூடாது: அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குப் பாய்ந்து, மின்தடை என்று நம்பி மின்கம்பம் ஏறும் ஊழியரின் உயிரைப் பறித்துவிடும்.

கம்பத்தின் அடியில் கீல் வைத்து, நான்கு பக்கமும் இழுகம்பி கட்டி, சாய்த்து இறக்கும்படி அமையுங்கள். வெயிலில் பி.வி.சி. நொறுங்கும் தன்மை அடைவதால், இறக்கும்போதெல்லாம் போல்ட் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதாகச் செய்தி வந்தால், மழை தொடங்கும்வரை காத்திராமல் அன்றே கம்பத்தை இறக்கி, இறக்கைகளைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.