உள்ளடக்கிய கல்வியா, உள்ளடங்கிய கல்வியா?

மாற்றுத்திறன் மாணவர்களுக்காக அரசுப் பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியரை 'ஐ.இ. டீச்சர்' என்பார்கள். 'ஐ.இ.' என்பது இன்க்ளூசிவ் எஜுகேஷன். தமிழில் அது சில தாள்களில் 'உள்ளடக்கிய கல்வி', சிலவற்றில் 'உள்ளடங்கிய கல்வி'. ஓர் எழுத்துதானே என்று விட முடியவில்லை.

மூலச்சொல் லத்தீன் 'இன்க்ளூதெரே'. 'இன்' உள்ளே, 'க்ளௌதெரே' மூடு. உள்ளே வைத்துக் கதவைச் சாத்து என்பதே பழம்பொருள். 'எக்ஸ்க்ளூட்' வெளியே நிறுத்திச் சாத்துவது. இரண்டிலும் கதவு சாத்தித்தான் இருக்கிறது!

இதற்கு முன்பு வழங்கியது 'இன்டக்ரேட்டட்', ஒருங்கிணைந்த கல்வி. 1974இல் இந்திய அரசு தொடங்கிய திட்டம் இந்தப் பெயரில்தான் வந்தது. பிள்ளை பொதுப்பள்ளிக்கு வரலாம். ஆனால் பள்ளி எப்படி இருக்கிறதோ அதற்கு அவன்தான் ஒத்துப்போக வேண்டும். 1994இல் ஸ்பெயினின் சாலமன்கா நகரில் 92 நாட்டு அரசுகள் கூடி வெளியிட்ட அறிக்கை இதைத் திருப்பிப் போட்டது: பிள்ளைக்கு ஏற்பப் பள்ளி மாறட்டும். நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அப்படியே வரையறுக்கிறது. எல்லா மாணவரும் சேர்ந்து படிப்பது ஒரு பாதி. கற்பிக்கும் முறையை அவர்கள் தேவைக்கேற்ப மாற்றுவது மறுபாதி. வாசலில் ஒரு சாய்தளம் கட்டிவிட்டு முதல் பாதியோடு நின்றுவிடும் பள்ளிகளே அதிகம்.

இனி அந்த ஓர் எழுத்து. அடங்கு தன்வினை, அடக்கு பிறவினை. பை தானாகப் பெட்டியில் அடங்கும். அடங்காவிட்டால் குற்றம் பையின் மீது. 'உள்ளடங்கிய' என்றால் பழைய 'ஒத்துப்போ'தான் திரும்பி வருகிறது. இடம் பண்ணித் தர வேண்டியது பள்ளி என்றால் 'உள்ளடக்கிய' என்பதே சரி. அடக்குமுறையின் வாடை அதிலும் கொஞ்சம் அடிக்கிறதே என்றால், ஆம், அடிக்கிறது. இலங்கையில் வழங்கும் 'உட்படுத்தல் கல்வி'யும் எனக்கு விசாரணைக்கு உட்படுத்துவதை நினைவூட்டுகிறது. 'அரவணைக்கும் கல்வி' என்பாரும் உண்டு. சட்டம் உரிமை என்று சொன்னதை அந்தச் சொல் கருணையாக்கிவிடும்.

'இன்க்ளூஷன்' என்ற பெயர்ச்சொல்லுக்கு மட்டும் 'உள்ளடக்கம்' ஆகாது. அது புத்தகத்தின் உள்ளடக்கம். 'உள்ளடக்கல்' என்று எழுதலாம்.