எடைக்குப் போட வேண்டாம், முதலில் கட்டிலை நகர்த்துங்கள்

வியாசர்பாடியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று மாதமாக இருமல், ராத்திரியில் அதிகம், விடியற்காலையில் நெஞ்சில் விசில் சத்தம். நான் ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுப்பதற்குள் கூட வந்த மனைவி ஆரம்பித்துவிட்டார்: "அந்தப் புக்கையெல்லாம் எடைக்குப் போடச் சொல்லுங்க டாக்டர். நீங்க சொன்னாதான் கேப்பாரு." அவர் தரையைப் பார்த்தபடியே, "அதை மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்றார்.

நான் சொல்லவில்லை. வண்ணாரப்பேட்டையில் நெஞ்சு நோய் பார்க்கும் எனக்கு இந்தச் சண்டை பழக்கம்தான்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் புத்தகத்தின் மேல் பழி போடாமல் முதலில் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம்தான், ஸ்டான்லிக்கே போகலாம். அவருக்குக் காசநோய் இல்லை. ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் ஆஸ்துமா என்று தெரிந்தது.

அப்புறம்தான் "எங்கே படுக்கிறீங்க?" என்று கேட்டேன். ஒரே அறை, கட்டிலைச் சுற்றி மூன்று பக்கமும் புத்தகம். மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன்பே அங்கே போய் வாங்க ஆரம்பித்தவர், இப்போதும் ஜனவரி புத்தகக் காட்சியில் இரண்டு பையாவது நிரப்பிக்கொண்டு வருகிறார். தலைமாட்டில் இருந்த அடுக்கு, குளியலறைச் சுவரை ஒட்டி இருந்தது. அந்தச் சுவரில் ஓதம்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. காகிதம் ஈரத்தைக் குடிக்கும். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடிக்கும், நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் அது தாண்டாத நாள் குறைவு, அதிலும் கடல் பக்கத்தில் காற்று வராத ஒண்டுக்குடித்தனம் என்றால் கேட்கவே வேண்டாம். பழைய புத்தகத்தைத் திறந்ததும் வருகிற புழுங்கிய நெடி பெரும்பாலும் பூஞ்சையுடையது. தூசிப் பூச்சி என்று நாம் சொல்கிற உண்ணி புத்தகத்தைவிட மெத்தையிலும் தலையணையிலும்தான் அதிகம் வாழ்கிறது, அதனால் உறைகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசாமல் புத்தகத்தை மட்டும் வெளியேற்றிப் பயனில்லை.

அவரிடம் சொன்னது இதுதான். அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. தரையில் ஒன்றுகூட வேண்டாம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. தூசியைத் துடைப்பத்தால் தட்டாதீர்கள், நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள், அதுவும் இருமல் உள்ளவர் செய்யக் கூடாது. பூஞ்சை பிடித்த புத்தகத்தை ஃபேனுக்கு அடியில் வைத்துத் துடைத்தால் வீடு முழுக்கப் பரவும். மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் முகக்கவசம் போட்டுக்கொண்டு துடைத்துவிட்டு, நிழலில் காற்றாட வையுங்கள். உச்சி வெயிலில் காகிதம் மஞ்சளாகி நொறுங்கும்.

மழையில் நனைந்துவிட்டதா? இரண்டு நாளுக்குள் பூஞ்சை வரும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காயவைக்க முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள், பூஞ்சை சாகாது, ஆனால் வளராமல் நிற்கும். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துக் காயவைக்கலாம்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது அந்துருண்டை. நாப்தலின் உருண்டையைப் புத்தக அடுக்கில் போட்டுவிட்டு அதே அறையில் கைக்குழந்தையைப் படுக்கவைக்கிறார்கள். ஜி6பி.டி. என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த வாடையே சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடலாம். குறைபாடு இருக்கிறதா என்று பெரும்பாலான வீடுகளில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஆறு வாரம் கழித்து அவர் வந்தார். கட்டில் ஜன்னல் பக்கம் போயிருந்தது, சுவரைப் பூசியிருந்தார்கள். பூஞ்சை தின்ற நாற்பது புத்தகத்தை அவரே பிரித்து எடுத்துக் கொடுத்தாராம், அந்த அம்மாவே சொன்னார். ராத்திரி இருமல் நின்றுவிட்டது, ஆஸ்துமாவுக்கு நான் கொடுத்திருந்த இன்ஹேலரை நிறுத்தலாமா என்று அவர் கேட்டார். இப்போது வேண்டாம், மழைக்காலம் முடியட்டும், மறுபடி ஊதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றேன்.